நவம்பர் 8 தீபாவளிக்கு ரோஜா: ஜோஹன்னஸ்பர்க்கில் கவாத்தை எப்போது வைத்துக்கொள்வது?

லெனேசியா_வாசல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன வருஷம் தீபாவளி அக்டோபர் 20-இல் வந்ததால் ரோஜாவின் முதல் பூப்பு தானாகவே பொருந்திப்போச்சு. இந்த வருஷம் (2026) நவம்பர் 8. பத்தொன்பது நாள் தள்ளி வருது. வழக்கம்போல ஜூலையில் வெட்டிவிட்டால் பூவெல்லாம் அக்டோபர் நடுவில் கொட்டிவிடும், அடுத்த சுற்று நவம்பர் கடைசிக்குத்தான் வரும்னு கணக்கு சொல்லுது. நடுவில் மாட்டிக்கிற தீபாவளிக்கு என்ன வழி?

ரோஜாச் செடிகள்: கொத்தாப் பூக்கும் ஐஸ்பெர்க் நாலு, தண்டுக்கு ஒரு பெரிய பூ வரும் சிவப்பு ஹைப்ரிட் டீ நாலு, டபுள் டிலைட் ஒண்ணு. எதையும் இன்னும் வெட்டலை. சுவரோரம் ஒரு கொடி ரோஜா, முள்ளே கிடையாது, சின்னச் சின்ன மஞ்சள் பூ கொத்துக் கொத்தா வரும். அதையும் இப்பவே வெட்டணுமா?

நர்சரியில் ரனங்குலஸும் பேன்ஸியும் பூத்த நிலையில் விற்கிறாங்க. வாங்கினால் தீபாவளி வரைக்கும் தாங்குமா? மாலைக்குச் சாமந்தி இப்போ போட்டால் வருமா? விவரம் தெரிந்தவங்க சொல்லுங்க.

---

ஹைவெல்ட்_ரோஜா எழுதியது:

வணக்கம் அக்கா. முதலில் கொடியைக் காப்பாற்றுவோம். முள் இல்லாமல், சிறு மஞ்சள் பூ கொத்தாக வருவது பாங்க்ஸியா ரோஜா. அது போன கோடையில் வளர்ந்த கிளையில்தான் பூக்கும், அதுவும் வருஷத்துக்கு ஒரே தடவை, நம்ம பக்கம் செப்டம்பர் வாக்கில். இப்போது வெட்டினால் இந்த வருஷப் பூ முழுவதும் குப்பைக்குப் போகும். பூத்து முடிந்த பிறகு பழைய கிளைகளை அடியோடு எடுங்கள். தீபாவளிக்கு அதை நம்பவே வேண்டாம்.

மற்ற ஒன்பதுக்கும் கணக்கைப் பின்னாலிருந்து போடணும். இங்கே ஜூலை நடுவில் வெட்டினால் பூக்க ஏறக்குறைய 90 நாள் ஆகும், மண் குளிர்ந்து கிடப்பதால் தண்டில் தளிர் கிளம்பும் கண் விழிக்கவே இரண்டு மூன்று வாரம் போய்விடும். ஆகஸ்ட் நடுவில் வெட்டினால் 75 முதல் 80 நாளில் வந்துவிடும். வளரும் தளிரின் நுனியைச் செப்டம்பரில் கிள்ளினால் ஐஸ்பெர்க் 45 நாள், பெரிய பூ ஹைப்ரிட் டீ 50 முதல் 55 நாள். இந்த மூன்று எண்ணும் கையில் இருந்தால் போதும். ஆனால் வானிலை ஐந்தாறு நாள் இப்படியும் அப்படியும் இழுக்கும் என்பதால் எல்லாச் செடியையும் ஒரே தேதியில் கட்டிப்போடாதீர்கள்.

நான் பிரிக்கச் சொல்வது இப்படி: ஹைப்ரிட் டீயில் இரண்டு, ஐஸ்பெர்க்கில் இரண்டு, டபுள் டிலைட் ஆகியவற்றை இந்த வாரமே (ஜூலை நடுவிலேயே) வெட்டுங்கள். மீதி நாலையும் ஆகஸ்ட் 15-லிருந்து 20-க்குள். இப்போது வெட்டியவற்றில், ஹைப்ரிட் டீ, டபுள் டிலைட் தளிர்களில் பாதியைச் செப்டம்பர் 14-ஐ ஒட்டியும், ஐஸ்பெர்க் தளிர்களில் பாதியைச் செப்டம்பர் 20-ஐ ஒட்டியும் கிள்ளுங்கள். கிள்ளாத பாதி புரட்டாசிக்கும் நவராத்திரிக்கும் பூத்துவிட்டுப் போகட்டும். கிள்ளுவது என்றால் நகத்தளவு நுனியை மட்டும் அல்ல. ஐந்து சிற்றிலை உள்ள முதல் முழு இலை வரைக்கும் இறங்கி, அதற்கு மேலே உடைக்கணும். வெறும் நுனியை எடுத்தால் உச்சியிலிருக்கும் மெலிந்த கண்கள் முளைத்து, குச்சி போன்ற தண்டில் பூ தொங்கும். அதற்குள் மொட்டு தெரிந்திருந்தாலும் பாவம் பார்க்காமல் எடுங்கள்.

வெட்டும் முறை: செத்த கிளை, உள்நோக்கிப் போகும் கிளை, பென்சிலை விட மெல்லிய கிளை எல்லாம் முதலில் வெளியே. தடிமனான முதன்மைக் கிளை மூன்று முதல் ஐந்து மட்டும் நிறுத்தி, ஹைப்ரிட் டீயை 50–70 செ.மீ. உயரத்தில் வெட்டுங்கள். ஐஸ்பெர்க்கை இன்னும் கொஞ்சம் உயரமாக விடலாம், அதில் கிளை கூடினால் பூவும் கூடும். வெட்டு வெளிப்பக்கம் பார்க்கும் கண்ணுக்கு அரை செ.மீ. மேலே, லேசான சரிவில். வெட்டிய இடத்தின் நடுச்சோறு வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ இருக்கணும். பழுப்பாக இருந்தால் கிளை உள்ளே காய்ந்திருக்கிறது என்று அர்த்தம், இன்னும் ஒரு கண் கீழே போங்கள். ஒட்டுப்போட்ட இடத்துக்குக் கீழிருந்து வரும் காட்டுக் கிளையை வெட்டக் கூடாது, மண்ணைத் தோண்டி அது கிளம்பும் இடத்தில் பிய்த்து எடுக்கணும். வெட்டினால் ஒன்றுக்கு மூன்றாக வரும்.

மீதி இருக்கும் இலைகளை ஒன்றுவிடாமல் உருவி எறியுங்கள். போன வருஷத்துக் கரும்புள்ளிப் பூஞ்சை நோய் அதில்தான் உட்கார்ந்திருக்கும். வெட்டின ஓரிரு நாளில் லைம் சல்பர் என்ற சுண்ணாம்பு-கந்தக மருந்து, டப்பாவில் போட்டிருக்கும் குளிர்கால அளவில், வெறும் தண்டுக்கும் அடி மண்ணுக்கும். அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், வெள்ளைச் சுவரில் பட்டால் கறை போகாது. ஆகஸ்டில் வெட்டும் நாலுக்கும் இதை அப்படியே செய்யாதீர்கள். அதற்குள் மேல் கண்கள் முளைத்திருக்கும். அந்தத் தளிர்களைப் பார்த்து மனசு இளகாமல், கீழே தூங்கும் கண் வரைக்கும் இறங்கி வெட்டுங்கள். ஏதாவது கண் பச்சையாக விரிந்திருந்தால் குளிர்கால அளவு அதைக் கருக்கிவிடும்.

உரம்: வெட்டி மூன்று வாரம் கழித்து, தளிர் ஒரு விரல் நீளம் வந்ததும் செடிக்கு 30–40 கிராம் 3:1:5 (26). 3:1:5 என்பது தழை, மணி, சாம்பல் சத்துகளின் விகிதம். அடைப்புக்குள் இருக்கும் 26 மொத்தச் சத்தின் சதவீதம், அதே 3:1:5 வேறு எண்ணோடும் வரும், பையைப் பார்த்து வாங்குங்கள். பிறகு மாதம் ஒரு தடவை. தண்டை ஒட்டிக் கொட்டாமல் ஒரு சாண் தள்ளித் தூவி, உடனே நீர் ஊற்றணும். எப்சம் உப்பு போடச் சொல்லி நிறையப் பேர் வருவார்கள். மண்ணில் மக்னீசியம் குறைவாக இருந்தால் அது மருந்து, இல்லையென்றால் வெறும் செலவு. முதிர்ந்த இலையில் நரம்பு பச்சையாக இருக்க நடுப்பகுதி மஞ்சளானால் மட்டும் யோசியுங்கள்.

எல்லாவற்றையும் விட இங்கே கோட்டை விடுவது தண்ணீரில். மே முதல் செப்டம்பர் வரை மழையே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வாரம் ஒரு தடவை செடிக்குப் பத்து லிட்டர், தளிர் ஓடத் தொடங்கியதும் வாரம் இரண்டு மூன்று தடவை. ஆகஸ்ட் காற்றில் இரண்டு வாரம் காயவிட்டால் தண்டு குட்டையாகி, மொட்டே வராத குருட்டுத் தளிராக நின்றுவிடும். மேலே சொன்ன தேதிக் கணக்கெல்லாம் வீண்.

---

பீனிக்ஸ்_தோட்டம் எழுதியது:

டர்பன் பக்கம் இருப்பவர்கள் மேலே உள்ள தேதிகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே உறைபனி கிடையாது, ஜூலைத் தொடக்கத்தில் வெட்டினால் செப்டம்பர் நடுவிலேயே முதல் பூ வந்துவிடும். நவம்பர் 8-க்கு ஆகஸ்ட் கவாத்தெல்லாம் தேவையில்லை. முதல் பூப்பு முடிந்ததும் செப்டம்பர் 24–28-க்குள் பூத்த தண்டுகளை மூன்றில் ஒரு பங்கு நீளம் வெட்டினால் சரியாக வந்து நிற்கும்.

நமக்குத் தேதியை விடப் பெரிய தலைவலி கரும்புள்ளி. இலை ஏழு மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தாலே வித்து முளைத்துவிடும், கடற்கரை ஈரப்பதத்தில் அது ஒரே ராத்திரி வேலை. சாயங்காலம் குழாய் பிடிக்கும் பழக்கத்தை நிறுத்துங்க, காலையில் வேரில் மட்டும் ஊற்றுங்க. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இலையே இருக்கக் கூடாது. மருந்து முதல் இலை விரியும்போதே தொடங்கி 10–14 நாளுக்கு ஒரு தடவை. இலைமேல் படியும் மாங்கோசெப் ஒரு முறை, உள்ளே ஊடுருவும் மருந்து ஒரு முறை என்று மாற்றி மாற்றி அடிக்கணும். ஒரே மருந்தையே அடித்தால் ஒரு கோடையில் அது வேலை செய்யாமல் போய்விடும். புள்ளி வந்த பிறகு அடிப்பது அந்த இலைக்கு உதவாது, அடுத்த இலைக்குத்தான்.

ஹைவெல்ட் அண்ணா, ஒரு கேள்வி: வெட்டின இடத்தில் சீலர் பூசுவதைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே? இங்கே பூசினால் உள்ளே ஈரம் சிக்கி அழுகுது.

---

ஹைவெல்ட்_ரோஜா எழுதியது:

உங்கள் ஊருக்கு வேண்டாம்தான் அம்மா. இங்கே காற்று உலர்ந்தது, கட்டைவிரல் பருமனுள்ள பழைய தண்டுகளில் வெட்டு வாய் கீழ்நோக்கிக் காய்ந்துகொண்டே போகும், அதனால் அவற்றுக்கு மட்டும் ஒரு பூச்சு. பென்சில் தடிமனுக்கெல்லாம் பூசிக்கொண்டிருப்பது நேர விரயம்.

---

கதம்பம்_பிரிட்டோரியா எழுதியது:

ரோஜாவைப் பற்றிச் சொல்லியாச்சு, மற்ற பூவுக்கு வர்றேன்.

ரனங்குலஸ், அனிமோன், ஃப்ரீசியா, நமாக்வாலாந்து டெய்சி எல்லாம் மார்ச்சிலிருந்து மே வரைக்கும் நட்டு, ஆகஸ்ட் செப்டம்பரில் பார்க்க வேண்டிய பூக்கள். நம்ம பக்கம் வசந்தம் ரொம்பச் சுருக்கம், செப்டம்பர் கடைசியில் 28, 30 டிகிரி அடித்ததும் ரனங்குலஸ் இலை மஞ்சளாகி உறங்கப் போய்விடும். இப்போது பூத்த தொட்டி வாங்கினால் கண்ணுக்கு இரண்டு மாத அழகு, தீபாவளிக்குத் தொட்டிதான் மிஞ்சும். பேன்ஸியும் அக்டோபரில் நீண்டு தளர்ந்து முடிந்துவிடும். ரனங்குலஸ் பிடிக்கும் என்றால் அடுத்த ஏப்ரலில் காய்ந்த கிழங்கு வாங்கி, மூன்று மணி நேரம் மட்டும் தண்ணீரில் ஊறவைத்து, விரல்கள் கீழே பார்க்க 5 செ.மீ. ஆழத்தில் நடுங்கள். ராத்திரி முழுக்க ஊறவிட்டால் அழுகும்.

சாமந்தியை இந்தத் தீபாவளிக்கு மறந்துவிடுங்கள் அக்கா. பகல் குறையும் காலத்தில்தான் அது மொட்டு வைக்கும். ஊரில் தீபாவளி சமயத்தில் பகல் குறைந்துகொண்டே போகும், இங்கே கூடிக்கொண்டே போகும். அதனால் தோட்டத்துச் சாமந்தி நமக்கு ஏப்ரல், மே மாதங்களில்தான். சித்திரைப் பருவக் காவடிக்கு அருமையாக அமையும். கடையில் நவம்பரில் கிடைப்பது கறுப்புத் துணி போட்டுப் பகலைச் சுருக்கி வளர்த்தது.

மாலைக்கு நீங்கள் போட வேண்டியது செண்டுமல்லி. பெரிய பூ ரகத்துக்கு விதையிலிருந்து ஏறக்குறைய 90 நாள், எனவே ஆகஸ்ட் 10-க்குள் விதை மண்ணில் இருக்கணும். உறைபனி ஒரு ராத்திரி பட்டால் கறுத்துவிடும் என்பதால் வீட்டுக்குள் வெயில் விழும் ஜன்னலோரம் தட்டில் போடுங்கள், அரை செ.மீ. ஆழம் போதும். நாலு உண்மையிலை வந்ததும் செப்டம்பர் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு 30 செ.மீ. இடைவெளியில் வெளியே. ஆறு இலை வந்தபோது ஒரு தடவை நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை நாலைந்து வரும். அதற்குப் பிறகு கிள்ளினால் தேதி தப்பும். தழைச்சத்து அதிகமாகப் போட்டால் இலைதான் மண்டும். குள்ள ரகத்துக்கு 55 நாள் போதும், அதைச் செப்டம்பர் தொடக்கத்தில் போட்டால்கூடக் கோலத்தைச் சுற்றி வைக்க ஆகும்.

இன்னொன்று, யாரும் கேட்காமலே சொல்கிறேன்: கிளாடியோலஸ். இந்த மண்ணின் பிள்ளை, இன்றைய தோட்ட ரகங்களில் பெரும்பாலானவை தென்னாப்பிரிக்கக் காட்டு இனங்களின் வழிவந்தவை. கிழங்கு நட்டு 80–100 நாளில் பூ. ஆகஸ்ட் 5, 12, 19 என்று மூன்று தவணையாக, பத்து செ.மீ. ஆழத்தில் நடுங்கள். முளை மேலே வருவதற்குள் கடும் பனி போய்விடும். அக்டோபரில் இலையில் வெள்ளிக் கோடு தெரிந்தால் இலைப்பேன். மொட்டு உறைக்குள் இருக்கும்போதே மருந்தடிக்காவிட்டால் பூ விரியவே விரியாது.

---

லெனேசியா_வாசல் எழுதியது:

ரொம்ப நன்றி. பாங்க்ஸியாவைத் தொடலை, கத்தரியைத் துடைச்சு வெச்சுட்டேன். ரெண்டு சந்தேகம். பூ நாலு நாள் முன்னாடியே வந்துட்டா வெச்சிருக்க முடியுமா? அக்டோபரில் மொட்டைக் கடிச்சுத் தின்னும் மஞ்சள்-கறுப்பு வண்டுக்கு என்ன செய்வது?

---

ஹைவெல்ட்_ரோஜா எழுதியது:

அக்டோபர் 18–20 வாக்கில் மொட்டு பட்டாணி அளவு இருந்தால் சரியான பாதையில் போகிறீர்கள், அதிலிருந்து மூன்று வாரத்தில் விரியும். அப்போதே ஹைப்ரிட் டீயில் நடு மொட்டை மட்டும் விட்டுப் பக்க மொட்டுகளை எடுங்கள். ஐஸ்பெர்க்கில் நேர் எதிர்: கொத்தின் நடு மொட்டை எடுத்தால் மற்றவை ஒன்றாக விரியும்.

முந்திக்கொண்டால், வெளி இதழ் ஒன்றிரண்டு தளர்ந்த நிலையில் விடியற்காலையில் வெட்டி, உடனே கழுத்தளவு தண்ணீரில் இரண்டு மணி நேரம் நிறுத்தி, பிறகு ஃப்ரிட்ஜில் 2–4 டிகிரியில் வையுங்கள். நாலைந்து நாள் தாங்கும். அதே ஃப்ரிட்ஜில் ஆப்பிள், வாழைப்பழம் இருக்கக் கூடாது, அவை விடும் எத்திலீன் வாயுவில் இதழ் உதிரும்.

அந்த வண்டு பழ வண்டு. மருந்தடித்துப் பயனில்லை, பறந்து வந்து அடுத்த வீட்டுக்குப் போகும், தேனீ சாவதுதான் மிச்சம். காலைக் குளிரில் மந்தமாக இருக்கும்போது சோப்புத் தண்ணீர் வாளியில் தட்டிவிடுங்கள். அதன் புழு கம்போஸ்ட் குவியலில்தான் வளரும், கிளறும்போது வெள்ளையாகச் சுருண்டு கிடப்பதைக் கோழிக்குப் போடலாம்.

அக்டோபர் கடைசியில் ஆலங்கட்டி மழை ஒன்று போதும், இவ்வளவு கணக்கும் பத்து நிமிஷத்தில் காலி. நாலு கம்பு நட்டு 20 சதவீத நிழல் வலை தயாராக வைத்திருங்கள். மத்தியானம் மேகம் கறுக்கும்போது மேலே இழுத்துவிட்டு, நின்றதும் எடுத்துவிடுங்கள்.

---

கேப்_பூக்கூடை எழுதியது:

கேப் டவுன்காரர்களுக்கு ஒரு வரி: இங்கே மழை குளிர்காலத்தில் என்பதால் ஜூலையில் ஈரமில்லாத நாளாகப் பார்த்து வெட்டுங்கள். கேப் ஃப்ளாட்ஸ் மணலில் உரம் நிற்காது, மாதத்துக்கு ஒரு தடவை 40 கிராம் போடுவதற்குப் பதில் பதினைந்து நாளுக்கு 20 கிராம். அக்டோபரில் தென்கிழக்குக் காற்று தொடங்கும் முன் கிளாடியோலஸுக்குக் குச்சி கட்டிவிடுங்கள்.