சாயங்காலம் 6 மணிக்கு மேல பில் போட்டா எர்ரர், சர்வீஸை இன்னும் பிரிக்கணுமா? அவசரம்

மளிகை_டெவ்:
வணக்கம், மளிகைக் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் பண்றோம், மைக்ரோசர்வீஸ்தான் (ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியா ஓடுற சின்னச் சின்ன புரோகிராம்), காலைல நல்லா ஓடுது ஆனா சாயங்காலம் 6 மணிக்கு மேல பில் வர 9 செகண்ட் ஆகுது, சில நேரம் எர்ரரே வருது, கடைக்காரங்க போன் மேல போன். பில்லிங் சர்வீஸை ரெண்டா பிரிக்கலாமா இல்ல காஃப்கா (சர்வீஸ்களுக்கு நடுவுல சேதிய வாங்கி வச்சு அனுப்புற சாஃப்ட்வேர்) போட்டு ஈவென்ட் டிரிவன் ஆக்கலாமா? திங்கக்கிழமைக்குள்ள முடிவு பண்ணணும், ப்ளீஸ்.

அருவி22:
எர்ரர்னா என்ன எர்ரர்ங்க? லாக்ல வர்ற வரிய அப்படியே போடுங்க. எத்தன சர்வீஸ், எத்தன டேட்டாபேஸ், டீம்ல எத்தன பேரு?

வரிசைப்பிரியன்:
ஈவென்ட் டிரிவன்தான் சரி. பில் சேவ் ஆனதும் ஒரு ஈவென்ட் விட்டுட்டு கஸ்டமர அனுப்பிடுங்க, ஸ்டாக் குறைக்கிறது, வாட்ஸ்அப்ல பில் அனுப்புறது எல்லாம் பின்னாடி நடக்கட்டும். காஃப்கா போடுங்க.

அருவி22:
வாட்ஸ்அப் சரி. விலைய பின்னாடி கேக்க முடியாதே, பில் அடிக்கும்போதே வேணும்ல.

பழைய_ஜாவா:
இதே கேள்விக்கு இங்க எத்தனையோ தடவ பதில் எழுதியாச்சு, தேடிட்டுக் கேக்கலாம். ஒரு நிறுவனத்துல ஆளுங்க எப்படிப் பேசிக்கிறாங்களோ அதே அமைப்புதான் அவங்க செய்ற சிஸ்டத்துக்கும் வரும்னு புரோகிராமர் மெல்வின் கான்வே 1968லயே எழுதிட்டாரு. தனித்தனி டீம் இருந்து, ஒருத்தர ஒருத்தர் காக்க வைக்காம ரிலீஸ் பண்ணணும்னா மைக்ரோசர்வீஸ். இல்லன்னா மோனோலித், எல்லாம் ஒரே அப்ளிகேஷன். அடிப்படையப் படிச்சிட்டு வாங்க.

மளிகை_டெவ்:
சாரி அவசரத்துல விட்டுட்டேன். 9 சர்வீஸ், நாங்க 4 பேர், ஸ்பிரிங் பூட்ல (ஜாவா ஃபிரேம்வொர்க்) எழுதினது, எல்லாத்துக்கும் ஒரே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். லாக்ல வர்றது: ஃபேட்டல், சாரி, டூ மெனி கிளையன்ட்ஸ் ஆல்ரெடி.

ராத்திரி_ஷிப்ட்:
கனெக்‌ஷன் பூல், அதாவது டேட்டாபேஸுக்குத் திறந்து வச்சுக்கிற இணைப்புங்க, எவ்வளவு? சாயங்காலம் சர்வீஸோட காப்பி (அதே புரோகிராம் இன்னொண்ணா ஓடுறது) எதுவும் கூடுதா?

மளிகை_டெவ்:
பூல் எதையும் தொடல. ஆட்டோஸ்கேல் இருக்கு, லோடு ஏறுனா பில்லிங், விலை, ஸ்டாக் மூணுக்கும் இன்னொரு காப்பி எழும்பும். அது எல்லாரும் வைக்கிறதுதானேன்னு சொல்லல.

ராத்திரி_ஷிப்ட்:
கணக்குப் போட்டுப் பாருங்க. ஸ்பிரிங் பூட்ல நீங்க மாத்தலன்னா ஒவ்வொரு காப்பியும் 10 கனெக்‌ஷன் புடிச்சு வச்சுக்கும். காலைல 9 காப்பி, 90. போஸ்ட்கிரெஸ் சும்மா விட்டா மொத்தமே 100, அதுலயும் 3 அட்மினுக்கு ஒதுக்கினது. சாயங்காலம் மூணு காப்பி கூடுனா 120 கேக்கும், கதவு சாத்திடும், அதான் அந்த எர்ரர். பூல 5 ஆக்குங்க, 60லயே நிக்கும், அது இன்னிக்கே பண்ணலாம். 9 செகண்டுக்கு வேற காரணம் இருக்கும், பில்லுல ஒவ்வொரு ஐட்டத்துக்கும் தனியா விலை சர்வீஸ கூப்பிடுறீங்களா?

மளிகை_டெவ்:
ஆமா. மாசச் சாமான் பில்லுன்னா 45 ஐட்டம் இருக்கும்.

ராத்திரி_ஷிப்ட்:
விலை, ஸ்டாக் ரெண்டையும் கேட்டா 90 தடவ நெட்வொர்க்ல போய்ட்டு வருது, கவுன்டர்ல அந்தம்மா பையப் புடிச்சிட்டு நிக்கிறாங்க. 45 ஐட்டத்தோட கோடு நம்பரையும் ஒரே லிஸ்டா அனுப்பி ஒரே கால்ல வாங்குங்க.

வரிசைப்பிரியன்:
நெட்ஃபிளிக்ஸ் மோனோலித்த விட்டு வெளிய வந்ததுக்கு அப்புறம்தானே இவ்ளோ பெருசாச்சு? ஏன் எல்லாரும் பின்னாடி போகச் சொல்றீங்க?

பழைய_ஜாவா:
அமேசான் பிரைம் வீடியோ 2023ல திரும்ப மோனோலித்துக்கு வந்து 90% செலவக் குறைச்சது தெரியாதா?

அருவி22:
மொத்த பிரைம் வீடியோவும் இல்லங்க, ஒளிபரப்புல படம், சவுண்ட் தரத்தக் கண்காணிக்கிற ஒரு சர்வீஸ் மட்டும். தப்பா சொல்லிச் சொல்லியே அது பரவிடுச்சு. நெட்ஃபிளிக்ஸும் 2008ல டேட்டாபேஸ் கெட்டு 3 நாள் டிவிடி அனுப்ப முடியாமப் போனதாலதான் மாற ஆரம்பிச்சாங்க, முடிக்க 2016 ஆச்சு. ரெண்டுமே 4 பேர் டீமுக்கு அளவுகோல் இல்ல.

பழைய_ஜாவா:
ஒரு சர்வீஸா இருந்தாலும் பாடம் ஒண்ணுதான்.

ராத்திரி_ஷிப்ட்:
சண்ட இருக்கட்டும். தம்பி, டேட்டாபேஸ் ஒண்ணா இருக்கும்போது சர்வீஸ் பிரிச்சு உங்களுக்கு ஒண்ணும் மிச்சமாகல. பில் சேவ் ஆகி ஸ்டாக் குறையாமப் போன கேஸ் வந்திருக்கணுமே? ஒரே அப்ளிகேஷனா இருந்தா ரெண்டும் ஒரே டிரான்சாக்‌ஷன்ல முடிஞ்சிரும், நடந்தா ரெண்டும் நடக்கும், இல்லன்னா ரெண்டும் நடக்காது. விலை, ஸ்டாக், பில்லிங்க ஒரே டிப்ளாய்மென்ட்ல (ஒண்ணா ஏத்தி ஓட்டுற ஒரே புரோகிராம்) தனித்தனி மாட்யூலா (உள்ள பிரிச்ச பகுதியா) வைங்க, ஒண்ணோட டேபிள இன்னொண்ணு நேரா தொடக்கூடாது, அதுல மட்டும் கறாரா இருங்க. வாட்ஸ்அப் பில்லுக்கு போஸ்ட்கிரெஸ்லயே ஒரு டேபிள்ல வரிசை போட்டு பின்னாடி ஓடுற ஒரு ஜாப் எடுத்து அனுப்பட்டும், காஃப்காவப் பராமரிக்க 4 பேர்ல யாரு இருக்கா? கடைக்குக் கடை பிரின்டர் மாறும்ல, அங்க மட்டும் பிளக்இன் ஸ்டைல் (தேவைக்குச் செருகிக்கிற தனித் துண்டு) நல்லா பொருந்தும்.

அருவி22:
ஸ்டாக் குறையாத கேஸ் வந்துச்சாங்க?

வரிசைப்பிரியன்:
அந்த டேபிள் வரிசையும் ஈவென்ட் டிரிவன்தான், அத ஒத்துக்கிட்டா சரி.

மளிகை_டெவ்:
பூல் 5 ஆக்கினோம், ரெண்டு நாளா எர்ரர் இல்ல. விலைய லிஸ்டா வாங்குறோம், பில் 1 செகண்டுக்குள்ள வருது. ஸ்டாக் கேஸ் 11 இருந்துச்சு, கையால சரி பண்ணிட்டிருக்கோம். முதல்ல ஸ்டாக்கையும் பில்லிங்கையும் ஒண்ணாக்கப் போறோம். நன்றிண்ணா.