சிங்கப்பூர் யீஷூன் குடும்பக் குழு: ஆயா (பாட்டி) வீடு விற்பனை

மீனா: ஏஜென்ட் அழைத்தார். அந்தச் சீனத் தம்பதி ஆயா வீட்டை வாங்க முடியாதாம். புளோக்கில் சீனர் விகிதம் நிரம்பிவிட்டது.

சித்தப்பா: போன வருடமே விற்கச் சொன்னேன்

மீனா: நீங்களா?

பெரியப்பா: விளக்குகிறேன். அரசாங்க அடுக்குமாடி வீடுகளுக்கான இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989 மார்ச்சில் வந்தது. அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சர் தனபாலன், நம்மவர். பிடோக்கில் மலாய்க்காரர், ஹவ்காங்கில் சீனர், யீஷூனில் நாம் என்று சேர்ந்துகொண்டே போனோம். 1964 இனக் கலவரத்தைப் பார்த்தவர்களுக்கு அது கவலைதானே. அதனால் ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காடு வரைதான், மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவரும் 15. நமக்கு முதலில் 13தான், 2010இல் கூட்டினார்கள். சீனர் சீனருக்கு விற்கலாம், கணக்கு மாறாது. நாம் சீனருக்கு விற்றால் அவர்கள் பக்கம் ஒரு வீடு கூடிவிடும்

அத்தை: அண்ணே, ஞாயிறு அப்பா திதிக்கு இலை யார்?

பெரியப்பா: இன்னும் முடிக்கவில்லை

குமார்: இலை நான். தெக்கா சந்தையில் வாங்குகிறேன்

மீனா: வேறு ஒருவர் வந்தார். அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார். மேல்மாடிச் சீனர் இதே அளவு வீட்டை நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் போனார். கலந்து வாழ்வது சரி, நஷ்டம் மட்டும் ஏன் நமக்கு?

சித்தப்பா: வீடமைப்பு வளர்ச்சிக் கழகமே வாங்கிக்கொள்ளும் என்றார்களே, 2022இல்

செல்வி: 10 ஆண்டு சொந்தமாக இருக்க வேண்டும், விற்க 6 மாதமாவது முயன்றிருக்க வேண்டும் சித்தப்பா

மீனா: நாம் விளம்பரம் போட்டதே தீபாவளி முடிந்துதான்

செல்வி: விகிதம் மாதம் பிறந்ததும் மாறும். 1ஆம் தேதி பார்ப்போம். இல்லாவிட்டால் குமார் அண்ணன் வாங்கட்டும். அவரும் லிங் அண்ணியும் கலப்புத் தம்பதி, இந்தியராகப் பதியலாம்

குமார்: லிங் சிரிக்கிறாள். இந்தக் குடும்பத்தில் தன்னை இந்தியராகப் பதிய இவ்வளவு காலமா என்கிறாள்

அத்தை: அந்தக் கல்யாணத்துக்கு நான் வராதது முட்டிவலியால்

குமார்: யாருமே கேட்கவில்லை அத்தை

சித்தப்பா: ஹாஹா

மீனா: ஆயா என்ன சொல்கிறார் தெரியுமா? எதிர்வீட்டு மக்சிக், அந்த மலாய் அம்மா மகன் வீடு தேடுகிறானாம், அவனுக்கே கொடு என்கிறார். விலை பேசவே விடமாட்டேன் என்கிறார்

சித்தப்பா: அம்மாவுக்கு எல்லாம் தானம்தான். குமார் முதலில் சொல்லட்டும்

குமார்: எங்கள் வீட்டை விற்றால்தான். ஞாயிறு பேசலாம்

மீனா: ஏஜென்டுக்கு நான் என்ன சொல்ல?

அத்தை: மக்சிக்கையும் ஞாயிறு கூப்பிடு. சைவம்தானே

பெரியப்பா: மலாய் விகிதத்தில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வட்டாரத்துக்கு வேறு தனிக் கணக்கு. சீனர் 84, மலாய்க்காரர் 22, நமக்கு 12...

அத்தை: குமார், இலை 30 போதும்