புதுப்பிப்பு: ஐந்தடித் தொட்டியில் மீன்கள் வந்துவிட்டன

5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமுள்ள தொட்டியில் செடிகளோடு மிஸ் கேரளா மீன்களை வளர்க்கலாமா என்று முன்பு உங்களிடம் இங்கே கேட்டிருந்தேன். அந்த எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். அது மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் மீன். குளிர்ந்த, ஓட்டமுள்ள நீர் வேண்டும். சென்னைக் கோடையில் என் தொட்டி நீர் 31 டிகிரியைத் தொடுகிறது. காட்டில் அருகிவரும் உயிரை வாங்கி வந்து வாட்டுவதற்கு மனம் ஒப்பவில்லை.

மீன்களை விடுவதற்கு முன், அவற்றுக்கு நஞ்சாகும் அமோனியாவும் நைட்ரைட்டும் தொட்டி நீரில் பூஜ்யத்துக்கு வர 5 வாரங்கள் ஆயின. இடையில் கிரிப்டோகோரைன் செடியின் இலைகள் கூழாகக் கரைந்தன. செடியைப் பிடுங்காதீர்கள் என்றீர்கள், பிடுங்கவில்லை. இப்போது வேரடியிலிருந்து நகமளவு பழுப்புத் தளிர்கள் எட்டிப் பார்க்கின்றன! அனுபியாஸ் செடியின் கிழங்கை மண்ணில் புதைக்காமல் மரக்கட்டையில் நூலால் கட்டினேன், நன்றாக இருக்கிறது.

கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் முதலில் 20 ஹார்லிகுவின் ரஸ்போரா மீன்கள் வாங்கினேன். இரண்டு வாரம் கழித்து, வெப்பம் தாங்கும் ஸ்டெர்பாய் கோரிடோராஸ் 8. கடைசியாக முத்து கௌராமி, ஓர் ஆண், மூன்று பெண். நேற்று மாலை அந்த ஆணின் தொண்டை செம்மஞ்சளாகச் சிவந்திருந்தது. மிதக்கும் செடிகளுக்கு அடியில் முட்டைகளுக்கான நுரைக்கூடு கட்டத் தொடங்கியிருக்கிறான்.