புதுப்பிப்பு: மாதம் 1,000 ரூபாய் எந்தக் கணக்குக்குப் போகிறது?

மண்டபம், தங்கச்சிமடம் பக்கமிருந்து அரசுக் கல்லூரிக்கு வரும் சில பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் (மாணவிகளுக்கு), தமிழ்ப் புதல்வன் (மாணவர்களுக்கு) என்ற தமிழக அரசு உதவித்தொகைத் திட்டங்களின் பணம் ஏறவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். பெரும்பாலும் காரணம் இதுதான்: விண்ணப்பத்தோடு கொடுத்த பாஸ்புக் எதுவானாலும், ஆதார் கடைசியாக இணைந்த வங்கிக்கே பணம் போகும். பள்ளியில் படிக்கும்போது தொடங்கி மறந்துபோன கணக்கை முதலில் பாருங்கள், அங்கே கிடக்கலாம்.

'மைஆதார்' தளத்தில் நுழைந்து வங்கி இணைப்பு நிலையைப் பார்க்கலாம். ஓடிபி அப்பா எண்ணுக்குப் போகும் வீடுகளில், அவர் கடலுக்குப் போயிருந்தால் வேலை நடக்காது. படகு கரையில் நிற்கும் நாளில் பாருங்கள். ஆதார் மையத்தில் பிள்ளையின் எண்ணையே பதிந்துவிடுவது இன்னும் நல்லது.

வேறு வங்கி காட்டினால், வேண்டிய வங்கிக் கிளையில் ஆதார் இணைப்புப் படிவம் கொடுங்கள். 'மானியம் பெற' என்று தெளிவாகச் சொல்லுங்கள். வெறும் கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) போதாது.