கலைச்சொல்: 'எழுதும் வேகம்' ஒன்றா, மூன்றா?

வணக்கம்.

கையேட்டின் என்எஃப்எஸ் (வலை வழிக் கோப்புப் பகிர்வு முறை) அத்தியாயத்தில் 'எழுதும் வேகம்' என்று ஒரே சொல்லைப் போட்டிருக்கிறோம். அது போதாது. எஸ்.பி. ரோட்டில் வட்டு வாங்கிக் கோப்புச் சர்வர் கட்டும் பெங்களூர்த் தமிழர்கள் இதைப் பார்த்துத்தான் சோதனை செய்வார்கள்.

7200 ஆர்பிஎம் வட்டு எட்டு, ரெய்டு 6 (வட்டுகளை ஒன்றாகச் சேர்த்து, இரண்டு பழுதானாலும் தரவு பிழைக்கும்படி வைக்கும் முறை), ஒரு கிகாபிட் வலை என்று கொள்வோம். பகிர்வில் 'அசிங்க்' இருந்தால், தரவு நினைவகத்துக்கு வந்ததுமே சர்வர் 'எழுதியாயிற்று' என்று பதில் அனுப்பிவிடும். சர்வர் நினைவகம் 32 ஜிபி, சோதனைக் கோப்பு 2 ஜிபி என்றால், கிடைக்கும் வினாடிக்கு 110 மெகாபைட், கம்பியின் வேகம் மட்டுமே. வட்டு அணியில் ஒரு வட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினாலும் அதே எண் வரும்.

இனி 4 கேபி துண்டுகளைச் சிதறலாக, ஒவ்வொன்றுக்கும் எஃப்சிங்க் (தரவை நிலையான இடத்தில் சேர்க்கச் சொல்லும் கட்டளை) போட்டு, 'சிங்க்' பகிர்வில் (அப்படிச் சேர்த்த பிறகே பதில் அனுப்புவது) எழுதிப் பாருங்கள். ரெய்டு 6 பொதுவாக ஒவ்வொரு சிறு எழுத்துக்கும் (ஒரு முறை எழுதும் வேலைக்கும்) பழைய தரவையும் இரண்டு பாரிட்டியையும் (இழந்த தரவை மீட்க உதவும் கணக்கு) படித்து, மூன்றையும் புதிதாக எழுதும். ஆக ஆறு வட்டு வேலை. வட்டுக்கு வினாடிக்கு 80 வேலை என்றால் எட்டுக்கும் 640; ஆறால் வகுத்தால் 106 எழுத்து. எத்தனை கிளையண்டுகள் சேர்ந்து எழுதினாலும் வினாடிக்கு அரை மெகாபைட் தேறாது.

முதலாவதை 'ஏற்பு வேகம்' என்றும் இரண்டாவதை 'படிவு வேகம்' என்றும் வைக்கலாம். 'பதிவு' வேண்டாம், அதற்கு ஏற்கெனவே வேலை அதிகம்.

---

> இரண்டாவதை 'படிவு வேகம்'

ஐயா, 'ஏற்பு' எனக்குச் சம்மதம். 'படிவு' இடறுகிறது, மண்ணியல்காரர்களின் சொல் என்பதற்காக அல்ல. ரெய்டு கண்ட்ரோலரில் (வட்டு அணியை நடத்தும் அட்டை) பேட்டரியுடன் 1 ஜிபி கேஷ் (இடைநினைவகம்) இருந்தால், எஃப்சிங்க்குக்குப் பதில் அந்தக் கேஷிலிருந்தே வரும். தரவு வட்டில் படிந்திருக்காது. ஆனால் மழைக்காலத்தில் மின்சாரம் போனாலும் அழியாது. பயனருக்கு அந்த வாக்குறுதிதானே முக்கியம்? அதைப் படிவு என்று சொன்னால் பொய்யாகும், ஏற்பு என்று சொன்னால் குறைவாகும்.

'உறுதி வேகம்' என்று மூன்றாவது சொல் வேண்டும். மின்சாரம் போனாலும் பிழைக்கும் இடத்தில் வைத்த பிறகே பதில் சொல்லும் வேகம் அது. கேஷ் நிரம்பிய பின், வட்டுகள் எவ்வளவு விழுங்குகின்றனவோ அதுதான் படிவு.

வேறுபாடு எண்ணிலேயே தெரியும். சிறு எழுத்துச் சோதனை முதலில் ஆயிரக்கணக்கில் ஓடி, கேஷ் நிரம்பியதும் நூற்றுக்குச் சரியும். ஒரு நிமிடத்தில் நிறுத்துகிறவர் அந்தச் சரிவைப் பார்க்கவே மாட்டார். சில கண்ட்ரோலர்கள் பேட்டரியைச் சோதிக்க அதை வடித்து ஏற்றும்போது ரைட்-த்ரூவுக்கு (கேஷில் நிறுத்தாமல் வட்டில் எழுதிய பிறகே பதில் சொல்லும் முறைக்கு) மாறிவிடும். அந்த நேரத்தில் உறுதி வேகம் படிவு வேகத்துக்கு இறங்கும். ஒரே சொல் இருந்தால் இந்தப் பழுதை வாடிக்கையாளருக்கு எப்படி விளக்குவது?

---

ஏற்கிறேன், மூன்றும் இருக்கட்டும். ஒவ்வொரு சொல்லோடும் அளக்கும் முறையையும் அத்தியாயத்தில் கட்டாயம் எழுத வேண்டும். முறை சொல்லாத சொல் மறுபடி குழம்பும்.

முதலில் ஐபெர்ஃப்3 (வலை வேகம் அளக்கும் கருவி) வைத்துக் கம்பியை மட்டும் அளக்க வேண்டும். அடுத்து சர்வரிலேயே உட்கார்ந்து ஃபியோ (வட்டு வேகம் அளக்கும் கருவி). பெரிய தொடர் எழுத்தில் இந்த அணி கிகாபிட்டைத் தாண்டும் என்பதால் வலை வழியாக அதன் படிவு வேகம் தெரியவே தெரியாது. அதற்குப் பிறகுதான் கிளையண்டிலிருந்து ஓட்ட வேண்டும். தொடர் எழுத்துக்கான கோப்பு சர்வர் நினைவகத்தைப் போல இரு மடங்கு, இங்கே 64 ஜிபி. ஃபியோவில் 'எண்ட் எஃப்சிங்க்' (முடிவில் ஒரு எஃப்சிங்க்) 1 என இருக்க வேண்டும். இல்லையேல் கிளையண்டின் நினைவகமும் கணக்கில் கலந்துவிடும். டிடியில் (தரவை நகலெடுக்கும் கட்டளை) வெறும் பூஜ்யங்களை எழுதுவது கூடாது. கம்ப்ரெஷன் உள்ள கோப்பு முறைமை அவற்றைச் சுருக்கி விழுங்கிவிடும்.

துண்டு அளவை 4 கேபி, 3 எம்பி என இரண்டாக வைப்போம். ஸ்ட்ரைப் துண்டு (ஒரு சுற்றில் ஒரு வட்டுக்குப் போகும் பங்கு) 512 கேபி, தரவு வட்டு ஆறு (எட்டில் இரண்டின் இடம் பாரிட்டிக்கு). ஆகவே 3 எம்பி எல்லை பிசகாமல் வந்தால் பழையதைப் படிக்கும் வேலையே இல்லை. எல்லை பிசகினால் அந்த லாபம் போய்விடும்.

ஒரு திருத்தம். வட்டின் சொந்தக் கேஷ் இயங்கிக்கொண்டிருந்து, கண்ட்ரோலர் அதைக் காலிசெய்யச் சொல்லாவிட்டால், பேட்டரி இருந்தும் உறுதி இல்லை. எனவே 'உறுதி வேகம்' என்ற தலைப்பின் கீழ் பகிர்வு 'சிங்க்'கா, கண்ட்ரோலர் பேட்டரி நலமா, வட்டுக் கேஷ் அணைந்துள்ளதா என்று மூன்று கட்டங்கள் வேண்டும். மூன்றில் ஒன்று காலியாக இருந்தாலும் அந்த எண்ணை ஏற்பு வேகப் பத்தியில்தான் எழுத வேண்டும்.