கன்னி மூலையை அடைத்து வீடு கட்டச் சொல்பவர்களுக்கு

கச்சான்காற்று:
நம் ராமநாதபுரம் கடற்கரையில் பெரியபட்டினத்துத் தம்பி ஒருவர் 3 சென்ட் மனையில் வீட்டை எங்கே நிறுத்துவது என்று நேற்று கேட்டிருந்தார். கிழமேல் 33 அடி, தென்வடல் 40 அடி. வடக்கே தெரு, தெற்கே நடந்துபோகிற தூரத்தில் கடல். அதற்கு மனையடி வாத்தியார் எழுதிய பதிலைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. வீட்டைக் கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், ஒட்டிப் போடு, வடக்கையும் கிழக்கையும் காலியாக விடு, கிணறு வடகிழக்கு ஈசானியத்தில், செப்டிக் டேங்க் வடமேற்கு வாயு மூலையில். நாலு வரியில் முடித்துவிட்டார்.

அதாவது குடிக்கிற கிணறும் கழிவுக்குழியும் தெருவோரமாகப் பக்கத்துப் பக்கத்தில்! 33 அடியில் கிணற்று உறைக்கு 4, குழிக்கு 5 கழித்தால் நடுவே 24 அடிதான் மிச்சம். மண்ணோ மணல். நம் பக்கம் நல்ல தண்ணீர் என்பதே உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிற மழைத் தண்ணீர்தான். ஆழம் போனால் உப்பு ஏறும், மேலாக எடுத்தால் குழியின் கசிவு வரும். அந்த நீரும் கடலைப் பார்த்துத்தான் நகரும், இந்த மனைக்கு அது தெற்கு. ஆகவே கிணறு வடகிழக்கில், குழி தென்மேற்கில். மூலைக்கு மூலை 52 அடி கிடைக்கிறது. தெற்கே 10 அடி, வடக்கே 8 அடி, கிழக்கே 5, மேற்கே 3 விட்டு நடுவில் 25க்கு 22 வீடு. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலம் முழுக்க வீட்டுக்குள் காற்று வரும்.

மனையடி வாத்தியார்:
கன்னி மூலையில் குழி தோண்டச் சொல்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். அந்த மூலை உயர்ந்து கனத்து இருக்க வேண்டும். அது தாழ்ந்தால் குடும்பத் தலைவனுக்கு ஆகாது. என் தகப்பனார் காலத்திலிருந்து உச்சிப்புளியில் தொடங்கி மூக்கையூர் வரை மனை குறித்துக் கொடுக்கிறோம். ஒரு வீட்டிலும் குறை வந்ததில்லை.

சரி, கணக்குக்கே வருகிறேன். என் பக்கத்துக்கு 9 அடி கழிக்கத் தெரிந்தவருக்குத் தன் 52 அடியில் கழிக்கத் தெரியாதா? அங்கே உறைக்கும் குழிக்கும் இடம் வேண்டாமா?

கச்சான்காற்று:
52 என்பது மனையின் மூலைவிட்டம். 33ஐயும் 40ஐயும் போட்டுப் பார்த்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் சொல்லும். வட்ட உறையும் வட்டக் குழியும், அவற்றுக்குப் பின்னால் மூலையில் மிஞ்சுகிற இடமும் போக 41 அடி வரும். 41 பெரிதா, 24 பெரிதா?

மனையடி வாத்தியார்:
முதலில் 52, இப்போது 41. சாயங்காலம் என்ன சொல்வீர்கள்?

பெரியபட்டினத்துப் பையன்:
அண்ணே, வாத்தியார் ஐயா, ரெண்டு பேருக்கும் வணக்கம். சமையலறையை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். வெள்ளிக்கிழமை மேஸ்திரி வருகிறார்.

சாயல்குடி மருமகள்:
நீங்கள் கன்னி மூலை என்பது மனையின் மூலையா, வீட்டின் மூலையா? கச்சான் அண்ணன் மனையின் மூலையில் குழி என்கிறார். வாத்தியார் வீட்டின் மூலை கனமாக இருக்கட்டும் என்கிறாரோ என்னவோ. அதை முதலில் பேசிக்கொண்டால் பாதிச் சண்டை இருக்காது.

இன்னொன்று. வாயு மூலையில் குழி என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி குறித்துக் கொடுக்கிறீர்களே, கிழக்கு வீட்டுக்காரரின் வாயு மூலை எங்கள் ஈசானியத்தை ஒட்டித்தானே வருகிறது? எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் அவர் குழி, இந்தப் பக்கம் எங்கள் உறைக்கிணறு. ஐப்பசி மழையில் இறைத்தால் வாளியில் நுரை கட்டி நிற்கிறது, துணி அலசக்கூட எடுக்க முடிவதில்லை. இதற்குச் சாஸ்திரத்தில் என்ன பதில்?

கச்சான்காற்று:
அப்படிப் போடுங்கள் தங்கச்சி! இதற்கு வாத்தியார் பதில் சொல்லட்டும். 24 அடிகூட இல்லை, நடுவில் ஒரு மதில்தான்!

மனையடி வாத்தியார்:
கிழக்கு வீட்டுக்காரர் முறைப்படி கட்டியிருக்க மாட்டார். குழிக்கு அடியில் சிமெண்டுத் தளம் போட்டு உள்ளே பூசியிருந்தால் கசிவு ஏது? அதை விடுங்கள், 52 எங்கே போனது?

கீழக்கரைவாசி:
காக்காமாரே, அண்ணன்மாரே, கழிவுக்குழிக்கு ஐ.எஸ். 2470 என்று ஒரு தரக் குறிப்பு இருக்கிறது. கழிவு நீர் மண்ணில் இறங்கும் இடத்துக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 18 மீட்டர் வேண்டும் என்கிறது. 59 அடி. 3 சென்டில் 24உம் தேறாது, 41உம் தேறாது, 52உம் தேறாது. தம்பி குடிக்கக் காவிரித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, கிணற்றைப் புழங்க மட்டும் வைத்துக்கொள்ளலாமே.

அப்புறம் தெற்கே 10 அடி விட்டு ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்கிறீர்கள். உப்பை யார் தாங்குவது? எங்கள் வீட்டுத் தெற்கு ஜன்னல் கம்பியை நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக உதிர்கிறது. சன்ஷேடுக்கு அடியில் கம்பியின் வழியே நீளமாக வெடித்து, ஒரு துண்டு விழுந்து, உள்ளே கம்பி பழுப்பாகத் தெரிகிறது. வடக்குப் பக்கத்தில் அதே கம்பி, அதே கொத்தனார், ஒரு கீறல் இல்லை.

கச்சான்காற்று:
அது ஜன்னலின் குற்றமா? கம்பியை மூடுகிற கான்கிரீட்டின் கனம் கடற்கரையில் 45 மில்லிமீட்டர் வேண்டும். நம் ஊரில் உடைந்த ஓட்டுச் சில்லை கம்பிக்கு அடியில் வைத்து 15இல் முடித்துவிடுகிறார்கள். கவர் பிளாக் வாங்கக் காசில்லை, டைல்ஸுக்கு மட்டும் காசிருக்கிறது. போதாததற்கு அதே உவர் கிணற்றுத் தண்ணீரில் கலவை. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. யார் சோதிக்கிறார்கள்? உப்பை உள்ளேயே ஊற்றிவிட்டுக் காற்றின் மேல் பழி போடாதீர்கள்.

கன்னி மூலையை அறை வைத்து அடைத்தால் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள். வைகாசியிலிருந்து ஆவணி வரை காற்று தென்மேற்கிலிருந்துதான். அந்தப் பக்கம் பீரோ வைத்த சுவர், வடக்கே பெரிய ஜன்னல். நம் ஊர் இருப்பது வட அட்சரேகை 9 பாகைக்குச் சற்று மேலே, அதனால் சித்திரைப் பிறப்பிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வெயில் வடக்கிலிருந்து சாய்ந்துதான் விழும். ஆக, காற்று வருகிற பக்கத்தை மூடி, வெயில் விழுகிற பக்கத்தைத் திறந்து வைக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடை மழையும் அதே வடகிழக்கிலிருந்து தலைவாசலுக்குள் அடிக்கும். பிறகு ராத்திரி முழுக்க ஏசி ஓட்டி மின்கட்டணம் கட்டு!

தொண்டிக்காரன்:
ராமநாதபுரம் கடற்கரை என்றால் மன்னார் வளைகுடா மட்டும்தான் என்று நினைப்பா? எங்கள் பாக் விரிகுடாப் பக்கம் கடல் கிழக்கே. நிலத்தடி நீரும் கிழக்கே நகரும். அண்ணன் பேச்சைக் கேட்டு ஈசானியத்தில் கிணறு வெட்டினால் மேற்கிலிருக்கிற குழியெல்லாம் எங்கள் கிணற்றைப் பார்த்துத்தான் வரும்.

கச்சான்காற்று:
மனை பெரியபட்டினத்தில். தொண்டியை யார் கேட்டார்கள்?

தொண்டிக்காரன்:
பொதுவில் எழுதினால் எல்லோருக்கும் பொருந்துகிற மாதிரி எழுத வேண்டும். போன வருஷம் மதில் விஷயத்திலும் இப்படித்தான். அஸ்திவாரம் 2 அடி போதும் என்று அடித்துச் சொன்னீர்கள், என் சித்தப்பா மதில் மார்கழியில் சாய்ந்தது. இன்றுவரை அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

கச்சான்காற்று:
உங்கள் சித்தப்பா கண்மாய்க் கரையில் களிமண்ணில் கட்டினார். நான் சொன்னது மணலுக்கு. அதை அன்றைக்கே எழுதினேன், தேடிப் பாருங்கள்.

தொண்டிக்காரன்:
தேடினேன். மணல் என்ற பேச்சே அதில் இல்லை.

கீழக்கரைவாசி:
எங்கள் பாட்டனார் வீடு கடல்பாறைக் கல்லில் கட்டியது. இரண்டடிச் சுவர், சுண்ணாம்புச் சாந்து, பனங்கை மேலே ஓடு. கம்பியும் இல்லை, துருவும் இல்லை. அந்தத் திண்ணையில் உச்சி வெயிலில் படுத்தால் போர்வை கேட்கும்.

தொண்டிக்காரன்:
பவளப்பாறையை வெட்டிக் கட்டிவிட்டுப் பெருமை வேறு. 2001லிருந்து அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. இப்போது ஒரு கல் எடுத்தாலும் உள்ளே வைப்பார்கள்.

கீழக்கரைவாசி:
என் பாட்டனார் 2001லா கட்டினார்? இருக்கிற வீட்டைச் சொன்னால் கல் வெட்டப் போனேன் என்கிறீர். தம்பி, நீங்கள் முதலில் கடலோர ஒழுங்குமுறை வரைபடத்தைப் பாருங்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குக் கட்டத் தடை இருந்தது. 2019 அறிவிக்கையில் மக்கள் நெருக்கமான ஊர்களுக்கு அதை 50 ஆக்கினார்கள். உங்கள் மனை எதில் வருகிறது என்று தெரியாமல் மூலையைப் பேசி என்ன பயன்?

பெரியபட்டினத்துப் பையன்:
கடல் ஒரு கிலோமீட்டருக்கு மேல் காக்கா. அந்தப் பிரச்சினை இல்லை. அம்மா கன்னி மூலையில் குழி வேண்டவே வேண்டாம் என்கிறார். கிணற்றுத் தண்ணீரில்தான் சமையல். குடத்துக்கு வரிசையில் நிற்க வீட்டில் ஆளில்லை.

மனையடி வாத்தியார்:
பார்த்தீர்களா, பெற்றவளுக்குத் தெரிகிறது. தம்பி, அம்மா சொன்னபடி செய்யுங்கள். 52ஐயும் 41ஐயும் மாற்றி மாற்றிச் சொல்கிறவர் நாளைக்கு வந்து உங்கள் வீட்டில் குடியிருக்கப் போவதில்லை.

கச்சான்காற்று:
அம்மாவிடம் நான் பேசுகிறேன். அந்தத் தண்ணீரைத்தான் குழந்தைக்கும் கொடுக்கப் போகிறார்கள், அதைச் சொன்னால் எந்தத் தாய்க்கும் புரியும். தங்கச்சி கேட்ட மதில் கேள்விக்கு வாத்தியார் இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை என்பதை எல்லோரும் கவனியுங்கள். அடித்தளம் போட்டுப் பூசினாலும் தொட்டி நிரம்பி வழிகிற நீர் உறிஞ்சுகுழிக்குத்தான் போகும். உறிஞ்சுகுழிக்கு அடித்தளம் போடுவார்களா? மணலுக்குள் இறங்கத்தானே அது?

சாயல்குடி மருமகள்:
நான் கேட்டது இரண்டு கேள்வி. மனையின் மூலையா, வீட்டின் மூலையா என்பதற்கு ரெண்டு பேருமே பதில் சொல்லவில்லை.

மனையடி வாத்தியார்:
கன்னி மூலை என்றால் கன்னி மூலைதான் அம்மா. அவரிடம் 52 எங்கே என்று கேளுங்கள்.

கச்சான்காற்று:
டேப்பைப் பிடித்து அளந்தால் 52 அங்கேயேதான் இருக்கும். வெள்ளிக்கிழமை மேஸ்திரி வரும்போது நானும் வருகிறேன் தம்பி. வாத்தியாரும் வரட்டும், ஒரு முனையை அவர் பிடிக்கட்டும்.

மனையடி வாத்தியார்:
வெள்ளிக்கிழமை எனக்குத் தேவிபட்டினத்தில் வாசக்கால் வைக்கிற வேலை இருக்கிறது. உங்களைப் போல வெட்டியாக இல்லை.

தொண்டிக்காரன்:
தேவிபட்டினத்திலும் கடல் கிழக்கேதான் வாத்தியாரே. கிணறு எங்கே குறிக்கப் போகிறீர்கள்?