புதுப்பிப்பு: மேற்குப் பார்த்த வீட்டுக்கு வெளிச்சுவர் நிறம், வேலை முடிந்தது

திருநெல்வேலியில் மேற்குப் பார்த்த வீடு, முன்சுவரில் அடித்த அடர் மெரூன் மூன்றே வருடத்தில் வெளுத்துவிட்டது, இனி என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "ஷேடு கார்டை (பெயின்ட் கடை நிற அட்டையை) நம்பாதீர்கள், சுவரிலேயே 2 அடிக்கு 2 அடி அடித்துப் பாருங்கள்" என்ற யோசனைதான். மூன்று நிறம் அடித்து, காலை, உச்சிவெயில், மாலை என்று இரண்டு நாள் பார்த்தோம். கார்டில் எங்களுக்குப் பிடித்திருந்த இளமஞ்சள், நாலு மணி வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. சந்தன நிறம்தான் எல்லா நேரமும் நன்றாக இருந்தது. சுவருக்கு அது; சன்ஷேடுக்கும் தூணுக்கும் வெள்ளை; கேட்டுக்கு அடர் பச்சை. அம்மா ஆசைப்பட்ட செங்காவியை அடியில் ஒன்றரை அடிப் பட்டையாக அடித்தோம். அது இரும்பு ஆக்சைடு நிறமி, வெயிலைத் தாங்கும். தெருப்புழுதியும் மழைத்தெறிப்பும் அதில் தெரிவதில்லை.

எதிர்பாராதது ஒன்று. பழைய பெயின்டைச் சுரண்டியபோது அடிச்சுவரில் உப்பு பூத்திருந்தது. விரலால் தேய்த்தால் வெள்ளை மாவாக உதிர்ந்தது. தேடினால், மொட்டைமாடி மழைநீர்க் குழாய் சுவரோரமே கொட்டிக்கொண்டிருந்தது. குழாயை நீட்டி, உப்பைத் தண்ணீர் படாமல் பிரஷ்ஷால் தேய்த்தெடுத்து, இரண்டு வாரம் சுவரைக் காயவிட்டோம். அப்புறம்தான் பிரைமர், அதன்மேல் இரண்டு கோட். ஈரச்சுவரில் அடித்தால் கொப்புளம் கிளம்பும் என்று எச்சரித்தவருக்குத் தனி நன்றி. அவர் சொல்லாவிட்டால் பெயின்டரை அவசரப்படுத்தியிருப்பேன்.

வடகிழக்கு மழை முடிந்ததும் அடிச்சுவரைப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.